பருத்தி நூலில் ஒரு பருத்திப் பூ

சிவகாசி வட்டாரத்தின் பட்டாசுப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: பூச்சட்டி, குருவி வெடி, பாம்பு மாத்திரை, ஓலை வெடி, சரவெடி. ஒன்று செடியிலிருந்து வந்த பெயர், ஒன்று பறவையிலிருந்து, ஒன்று பனைமரத்திலிருந்து. சரம் என்பதோ பூத்தொடுப்பவர்களின் சொல். தொடர்வெடிகளுக்கு 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தடை விதித்துவிட்டது. ஆனால் சரவெடி என்ற பெயர் நம் பேச்சில் நிற்கிறது.

இந்த வரிசையில் மத்தாப்பின் கதை தனியானது. இது பாரசீகத்தில் பிறந்து உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல். மூலச் சொல்லுக்கு நிலவொளி என்று பொருள். பூவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆனால் தமிழ்க் காதில் அதன் கடைசி ஓசை 'பூ' என்று விழுந்தது. இன்று பலர் 'மத்தாப்பூ' என்றே எழுதுகிறார்கள். பூவைப் பார்த்து மத்தாப்பைச் செய்யவில்லை; மத்தாப்பைப் பார்த்த பிறகு அதில் பூவைக் கண்டார்கள்.

இந்தச் சிறு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டு ஆடையின் பக்கம் திரும்புவோம். துணி நெய்தவர்களும் நூல் பின்னியவர்களும் இயற்கையிலிருந்து எதைப் பெற்றார்கள்? பூவைப் பார்த்து நூலில் அமைத்தார்களா? அல்லது நூல் தானாகத் தந்த வடிவத்தில் பூவைக் கண்டார்களா? கையால் ஆடை பின்ன விரும்பும் ஒருவருக்கு இது வீண் கேள்வி அன்று. ஒரு பூவைக் கையில் எடுத்தால் அதில் எதைப் பார்க்க வேண்டும் என்பதே இந்த விடையைப் பொறுத்துத்தான் அமைகிறது.

அரும்பின் ஊர்

விருதுநகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் அருப்புக்கோட்டை. கைத்தறிக்குப் பெயர்பெற்ற கரிசல் ஊர். இதன் பழைய பெயர் 'அரும்புக்கோட்டை' என்றும், மல்லிகை அரும்பு மிகுதியாக விளைந்ததால் அப்பெயர் வந்தது என்றும் சொல்வதுண்டு. ஊர்ப் பெயர்களுக்குச் சொல்லப்படும் காரணங்களில் பல, பெயர் நிலைத்த பின்பு கட்டப்பட்டவை. ஆகவே இதை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் தமிழ்நாட்டுத் தறிகளில் 'மல்லிமொக்கு' என்ற பெயரிலேயே ஓர் உரு உண்டு என்பது உறுதி.

சேலைகளில் வரும் மற்ற உருக்களின் பெயர்களையும் பார்ப்போம். மயில்கண், குயில்கண், ருத்ராட்சம், தாழம்பூ, அன்னம். மயில் முழுதாக வருவதும் உண்டு. ஆனால் பழைய சேலைகளில் அடிக்கடி கண்ணில் படுவது மயிலின் இறகில் உள்ள கண் மட்டுமே. மல்லிகை முழுதாக விரிவதில்லை; மொக்காகவே நிற்கிறது. ருத்ராட்சம் மரமாக வரவில்லை, கொட்டையாக வருகிறது. நெசவாளர் ஏன் இப்படிச் சிறியனவற்றையே தேடித் தேடி எடுத்தார்? பெரிய உருவங்களை அமைக்கும் திறமை அவருக்கு இல்லாமலா போயிற்று?

காரணம் நூலில் இருக்கிறது.

நூலின் கணக்கு

தறியில் நீளவாட்டில் ஓடுவது பாவு. அதற்குக் குறுக்கே ஓடுவது ஊடை. இரண்டும் செங்கோணத்தில் சந்திப்பதால் துணி என்பது உண்மையில் மிக நுண்ணிய கட்டங்கள் போட்ட தாளைப் போன்றது. ஒவ்வொரு கட்டத்திலும் பாவு மேலே இருக்கலாம். அல்லது ஊடை மேலே இருக்கலாம். மூன்றாவது வழி கிடையாது. இந்தக் கட்டத்தில் வளைகோடு என்பதே இல்லை. எந்த வளைவும் படிக்கட்டாகத்தான் வரும்.

மல்லிகை மொக்கை இதில் எப்படி அமைப்பது? கட்டம் போட்ட நோட்டுத்தாளில் முதல் வரியில் ஒரு கட்டத்தைக் கறுப்பாக்குங்கள். அடுத்த வரியில் மூன்று, அதற்கடுத்து ஐந்து, பிறகு மீண்டும் மூன்று, ஒன்று. ஒரு சாய்சதுரம் கிடைக்கும். நடு வரியை இரண்டு மூன்று முறை திரும்ப வரைந்தால் அது நீண்டு மொக்காகும். எல்லாமே ஒற்றைப்படை எண்கள் என்பதைக் கவனியுங்கள். இப்படி ஒரு நூலில் தொடங்கும் உருவின் இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டுமானால் நடுவில் ஒரு நூல் நின்று, இரு பக்கமும் சம எண்ணிக்கையில் கூட வேண்டும். இந்தச் சாய்சதுரத்தின் நடுவில் ஒரு புள்ளியை வெறுமையாக விட்டால் மொக்கு மறைந்து ஒரு கண் தோன்றுகிறது.

ஐரோப்பிய நெசவாளர்களும் சாய்சதுரத்தின் நடுவே புள்ளி வைத்த ஒரு நெசவுக்குப் 'பறவைக் கண்' என்றே பெயர் வைத்தார்கள். ஒருவர் மற்றவரிடம் கேட்டுப் பெயர் வைத்திருக்க வேண்டிய தேவையில்லை. இரண்டு இடத்திலும் கட்டம் ஒன்றே. அது எளிதாகத் தரும் வடிவமும் ஒன்றே. பார்த்த கண்ணுக்குப் பறவையின் கண் நினைவுக்கு வந்ததும் இயல்பே.

பெரிய உருக்களை அமைக்கவும் வழி இருந்தது. காஞ்சிபுரத்தில் 'அடை' என்னும் முறையில் பாவு நூல்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டி வைத்து, நெசவாளர் நெய்ய நெய்ய உதவியாளர் ஒருவர் அவற்றை முறைப்படி இழுத்துக் கொடுப்பார். பிரான்சு நாட்டு லியோன் நகரைச் சேர்ந்த ஜக்கார்டு என்பவர் 1804ஆம் ஆண்டையொட்டி அமைத்த கருவியில் உதவியாளரின் வேலையைத் துளையிட்ட அட்டைகள் செய்தன. அட்டையில் துளை இருந்தால் நூல் உயரும், இல்லாவிட்டால் உயராது. அன்னமும் யாளியும் பெரிதாக வர முடிந்தது. ஆனாலும் கட்டம் கட்டமாகவே இருந்தது. அட்டைகள் எத்தனை ஆயிரம் ஆனாலும் ஒரு சிக்கலை மட்டும் அவற்றால் தீர்க்க முடியவில்லை.

ஐந்தின் சிக்கல்

கரிசல் காட்டில் நடந்து போகும்போது கண்ணில் படும் பூக்களை எண்ணிப் பாருங்கள். வேப்பம்பூவுக்கு இதழ் ஐந்து. ஆவாரம்பூவுக்கு ஐந்து. எருக்கம்பூவுக்கு ஐந்து மடல். அந்த மண்ணின் முதற்பயிரான பருத்தியின் பூவுக்கும் இதழ் ஐந்துதான்.

ஐந்து இதழ்ப் பூ ஒன்றை 72 பாகை திருப்பினால் மீண்டும் பழையபடியே தோன்றும். சதுரக் கட்டத்தை 90 பாகை திருப்பினால் தன் மேல் தானே பொருந்தும். 72 பாகை திருப்பினால் பொருந்தாது. எனவே சதுரக் கட்டத்தில் நான்கு இதழ்ப் பூவைத் துல்லியமாக அமைக்கலாம். எட்டு இதழ்ப் பூவைக் கண்ணுக்கு நிறைவாக அமைக்கலாம். ஐந்து இதழ்களையும் ஒன்றுபோல அமைக்க வராது. ஏதேனும் ஓர் இதழ் நீளும், அல்லது குறுகும்.

இது தறிக்கு மட்டும் உரிய விதி அன்று. ஒரே கட்டமைப்பு திரும்பத் திரும்ப அடுக்கப்படும் படிகங்களிலும் ஐந்தின் சமச்சீர் வராது. 1982இல் டான் ஷெக்ட்மன் என்ற இஸ்ரேலிய விஞ்ஞானி ஓர் உலோகக் கலவையில் ஐந்தோடு தொடர்புடைய சமச்சீரைக் கண்டபோது பலர் நம்ப மறுத்தார்கள். அந்தப் பொருளில் அணுக்கள் ஒழுங்காக அமைந்திருந்தாலும் ஒரே கட்டம் திரும்பத் திரும்ப வரவில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. அதற்காக 2011இல் அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, நம் நெசவாளர் திறமைக் குறைவால் மொக்கையும் கண்ணையும் எடுக்கவில்லை. இயற்கையில் உள்ளவற்றுள் தறிக்கு இசைவது எது, இசையாதது எது என்று தலைமுறை தலைமுறையாக அறிந்து, இசைவதைத் தேர்ந்தெடுத்தார். மொக்குக்கு ஐந்து என்ற சிக்கல் இல்லை. பக்கவாட்டில் பார்த்தால் இரு புறமும் ஒன்றுபோல இருக்கிறது. பருத்தி நூலால் நெய்த துணியில் பருத்திப் பூவையே ஒழுங்காகப் பூக்கவைக்க முடியாது என்பது விந்தையான செய்தி அன்றோ?

வாசலில் கோலம் போடும் பெண்களுக்கும் இந்தக் கணக்கு பழக்கமானதே. நேர்ப்புள்ளி வைத்த கோலத்தில் நான்கும் எட்டும் எளிதில் அமையும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆராய்ந்தவர்களும் 1974இல் வெளியிட்ட கட்டுரையில், கோலங்களைக் கணினி இலக்கண முறையில் விதிகளாக எழுதிக் காட்டினார்கள். கையும் கண்ணும் அறிந்து வைத்திருந்ததை அவர்கள் குறியீட்டில் கொண்டு வந்தார்கள்.

கண்ணி என்னும் வேறு வழி

நெசவு இரண்டு நூல் தொகுதிகளைக் கொண்டு நடக்கிறது. பின்னலுக்கு ஒரே நூல் போதும். அந்த நூலை வளைத்து ஒரு கண்ணி. அந்தக் கண்ணிக்குள் மற்றொரு கண்ணி. இப்படியே வரிசை வரிசையாக ஏறுவதுதான் பின்னலாடை.

வளையமும் முடிச்சுமாக நூலைப் பிணைக்கும் வேலையை மனிதர் மட்டும் செய்வதில்லை. பனைமரங்களில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூட்டைப் பார்த்திருப்பீர்கள். புல்லையும் ஓலையையும் நீளமாகக் கிழித்து வந்து, அலகால் வளைத்தும் செருகியும் ஆண் குருவி அதைப் பின்னுகிறது. முழுக் கூட்டுக்கு ஏறத்தாழ 18 நாட்கள் ஆகின்றன. கூடு பாதி முடிந்த நிலையில் பெண் குருவி வந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கும் என்பதையும், ஓர் ஆண் குருவி ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகளைக் கட்டும் என்பதையும் சாலிம் அலி 1931இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். குருவியிடம் கட்டம் போட்ட தாள் இல்லை. வளையம் ஒன்றைப் பின்னி அதில் உட்கார்ந்துகொண்டு, தன்னைச் சுற்றிலும் சேர்த்துக்கொண்டே போகிறது. இந்தச் செய்தியை நாம் பின்னால் மறுபடியும் எடுத்துக்கொள்வோம்.

மனிதர் பின்னிய பழைய ஆடைகளில் காலுறைகளே முதன்மையானவை. எகிப்தில் கிடைத்துள்ள கி.பி. 3 முதல் 5ஆம் நூற்றாண்டு வரையிலான கம்பளிக் காலுறைகள் ஒரே ஊசியால் கண்ணி கோத்துச் செய்யப்பட்டவை. இன்று நாம் அறிந்த இரட்டை ஊசிப் பின்னலைப் போன்ற அமைப்புடைய பருத்திக் காலுறைகள், நீலமும் வெள்ளையும் கலந்தவை, அதே எகிப்தில் 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தைச் சேர்ந்தவையாகக் கிடைத்திருக்கின்றன. அங்கிருந்து இக்கலை ஐரோப்பா முழுவதும் பரவியது. 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியை அமைத்தார். இன்று திருப்பூரில் ஓடும் பின்னலாடை இயந்திரங்களுக்கு அதுவே முன்னோடி.

பொறி வந்த பிறகும் குளிர் நாடுகளில் கைப்பின்னல் மறையவில்லை. அங்கேதான் இயற்கைப் பெயர்கள் குவிந்தன. ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்துத் தீவுகளில் அலை, பெரணி இலை, பூனைப் பாதம் என்று பின்னல்களுக்குப் பெயர். எஸ்டோனியா நாட்டின் மேற்குக் கரையில் ஹாப்சாலு என்ற சிற்றூரில் பின்னப்படும் மெல்லிய சால்வைகளில் பள்ளத்தாக்கு லில்லி என்ற சிறு மலரே பெயர்பெற்ற உரு. மணிபோலத் தொங்கும் அதன் சிறு பூக்களைக் காட்ட அவர்கள் ஒரு வழி கண்டார்கள். ஒரே கண்ணியிலிருந்து 5 அல்லது 7 கண்ணிகளை இழுத்தெடுத்து, அடுத்த வரிசையில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கண்ணியாக்கிவிடுவார்கள். அந்த இடத்தில் நூல் திரண்டு ஒரு குமிழாக நிற்கும். இங்கேயும் ஒற்றைப்படை எண்களே வருவதைக் கவனியுங்கள். அருப்புக்கோட்டை எங்கே, ஹாப்சாலு எங்கே! ஒருவர் மொக்கைத் தட்டையாக எண்ணினார். மற்றவர் திரட்டி எண்ணினார்.

பெயர்களை நம்புவதில் எச்சரிக்கையும் தேவை. அயர்லாந்தின் அரான் தீவுகளில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பின்னல் உண்டு என்றும், கடலில் மூழ்கிய மீனவரை அதைக் கொண்டே அடையாளம் காண்பார்கள் என்றும் ஒரு கதை உலகமெங்கும் பரவியுள்ளது. அதற்குச் சான்று இல்லை. ஜே. எம். சிங் எழுதி 1904இல் அரங்கேறிய ஒரு நாடகத்தில், இறந்தவனின் காலுறையைக் கண்ணிகளை எண்ணி அடையாளம் காணும் காட்சி வருகிறது. அதுவே இக்கதைக்கு வித்து என்று ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். அரும்புக்கோட்டைக் கதையைப் போலவே இதுவும் பின்னால் முளைத்த விளக்கம்.

நம் நாட்டுக்கு வந்த ஊசி

தெற்கே இந்தப் பின்னல் ஊசிகள் வந்த வழி பாதிரிமாரின் பள்ளிகள். லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், அன்று திருவிதாங்கூரில் இருந்த நாகர்கோவிலில் 1821இல் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அவர்களுடைய மகள் எலைசா, ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லை 1844இல் மணந்து, இடையன்குடியில் அதே வேலையைத் தொடங்கினார்.

லேஸ் என்பது ஊசிப் பின்னல் அன்று. நூல்களை முறுக்கியும் குறுக்கிட்டும் துளை அமைக்கும் வேறொரு கலை. என்றாலும் இதை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் முற்றாக ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, லேஸ் பின்னிய அடிமைப் பெண்கள் சிலர் தாங்கள் ஈட்டிய பணத்தைக் கொண்டு தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். தங்கள் மேலுடலை மறைத்து உடுத்தும் உரிமையும் அக்காலத்தில் அங்கே பல சாதிப் பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. நாடார் பெண்களுக்கு 1859ஆம் ஆண்டு அரச அறிவிப்பு அதற்கு இசைவளித்தது. உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையை அப்போதும் விடவில்லை. நூலைக் கொண்டு பிறருக்கு அழகு செய்த கைகள், தமக்கு ஒரு துணிக்காகப் போராட வேண்டியிருந்தது. அந்த லேசின் வகைகள் ஐரோப்பாவில் பிறந்தவை. அவற்றை இங்கே பின்னியவர்களின் பெயர்களோ, அவர்கள் கண்ட பூக்களின் பெயர்களோ அந்த வேலையில் பதியவில்லை.

பதிவது எப்போது என்பதற்கு நம் வீடுகளிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1970களிலும் 1980களிலும் பிளாஸ்டிக் ஒயர்க் கூடை பின்னாத தெருவே தமிழ்நாட்டில் இல்லை எனலாம். பிளாஸ்டிக் புதிய பொருள். அதற்குப் பரம்பரைக் கலைஞர் என்று எவரும் இல்லை. ஆனால் பின்னிய பெண்கள் அதன் முடிச்சுகளுக்குப் பெயர் வைத்தார்கள். பள்ளங்களோடு உருண்டு திரண்ட முடிச்சுக்கு 'நெல்லிக்காய்'. சாய்சதுரமாய் விழித்து நிற்கும் பின்னலுக்குச் 'சிவன் கண்'. நெல்லிக்காயைப் பார்த்து முடிச்சைக் கண்டுபிடிக்கவில்லை. முடிச்சில் நெல்லிக்காயைக் கண்டார்கள். மத்தாப்பில் பூவைக் கண்ட அதே கண்!

நம் கேள்விக்கு இப்போது பாதி விடை கிடைத்துவிட்டது. வடிவத்தைப் பெரும்பாலும் நூலின் அமைப்பே தருகிறது. அதில் இயற்கையைக் காண்பது பின்னுபவரின் நினைவு. மல்லிகை கட்டாத வீட்டில் சாய்சதுரம் வெறும் சாய்சதுரமாகவே இருந்திருக்கும்.

கம்பளியும் பருத்தியும்

இனி, கரிசல் சீமையில் ஒருவர் கையால் ஆடை பின்ன விரும்பினால் என்ன செய்வது? குளிர் நாட்டுப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே பின்னலாமா? இங்கே நூலின் குணத்தை அறிந்துகொள்ள வேண்டும்.

கம்பளி இழை இயல்பாகவே சுருள் உடையது. அறுந்து போவதற்கு முன் தன் நீளத்தில் 25 முதல் 35 விழுக்காடு வரை நீளும். விட்டால் பெரிதும் பழைய நிலைக்குத் திரும்பும். பருத்தி இழை முறுக்கிய நாடாவைப் போன்றது. பெரும்பாலும் 10 விழுக்காட்டுக்கு மேல் நீளாது. ஆகவே கம்பளியில் அழகாக எழும்பி நிற்கும் தடித்த புடைப்புகள் பருத்தியில் கனத்துத் தொங்கிவிடும். பருத்திக்கு ஏற்றவை துளைகள் மிகுந்த மெல்லிய பின்னல்கள். காற்றுப் புகுவதால் நம் வெயிலுக்கும் அவையே ஏற்றவை. இப்பகுதியில் நெடுங்காலம் விளைந்த கருங்கண்ணிப் பருத்தி குறுகிய இழை உடையது. அதில் தடித்த நூலே எளிதில் வரும். கையால் பின்னுவதற்குத் தடித்த நூலே வசதி. 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்தக் கரிசல் நிலப் பயிர்களை ஆராய்வதற்கென்றே அமைந்தது.

அடுத்து அளவு. பின்னலில் ஒரு கண்ணி உயரத்தைவிட அகலம் மிகுந்தது. சாதாரணப் பின்னலில் 5 கண்ணிகளின் அகலம் 7 வரிசைகளின் உயரத்துக்குச் சமம் என்பது பொதுவான தோராயக் கணக்கு. எனவே சதுரக் கட்டத்தாளில் 20க்கு 20 என்று வட்டமாக வரைந்த உருவை அப்படியே பின்னினால் அது நசுங்கிய வட்டமாக வரும். 20 கண்ணி அகலத்துக்கு 28 வரிசை வேண்டும். இதை அறியாமல் தொடங்கியவர்களின் மல்லிகை மொக்கு, வேப்பம்பழமாகிவிடுவது உண்டு.

பூ வளர்வது போல

இப்போது தறியால் முடியாத அந்த ஐந்து இதழ்ப் பூவுக்கு வருவோம்.

நேராக ஏறும் பின்னலும் ஒரு கட்டமே. அதிலும் ஐந்து இசையாது. ஆனால் பின்னலுக்குத் தறிக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. தூக்கணாங்குருவி செய்தது போல ஒரு சிறு வளையத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி வெளியே வளரலாம். அப்போது சதுரக் கட்டமே இல்லாமல் போகிறது. குரோஷா ஊசியால் மேசை விரிப்பு பின்னியவர்கள் எல்லோரும் இதை அறிவார்கள்.

சுற்றுக்கு எத்தனை கண்ணி கூட்டினால் துணி தட்டையாகக் கிடக்கும்? பள்ளிக் கணக்கே போதும். ஒரு சுற்று கூடும்போது வட்டத்தின் ஆரம் ஒரு வரிசை உயரம் கூடுகிறது. அதனால் சுற்றளவு, அந்த உயரத்தைப் போல 2 × 22/7 மடங்கு கூடும். வரிசையின் உயரம் கண்ணியின் அகலத்தில் 5/7 பங்கு. ஆகவே கூட்ட வேண்டிய கண்ணிகள் 2 × 22/7 × 5/7, அதாவது 220/49. ஏறத்தாழ நாலரை.

நாலரைக்குக் குறைவாகக் கூட்டினால் துணி குழிந்து தொப்பியாகும். மிகுதியாகக் கூட்டினால் விளிம்பில் இடம் போதாமல் அலை அலையாக நெளியும். ஐந்து என்பது நாலரையைவிடச் சற்றே மிகுதி. எனவே சுற்றுக்கு ஐந்து இடங்களில் ஒவ்வொரு கண்ணி கூட்டினால், பெரும்பாலும் தட்டையாகவும் விளிம்பில் மட்டும் இலேசான நெளிவோடும் ஐந்து பகுதிகள் கொண்ட ஒரு பூ விரியும்! இன்னும் ஒன்று: பருத்திப் பூவின் இதழ்கள் ஒன்றன் விளிம்பு அடுத்ததன் மேல் படியுமாறு ஒரே பக்கமாகச் சுழன்று அமைந்தவை. கண்ணி கூட்டும்போது எப்போதும் அடையாளக் கண்ணியின் ஒரே பக்கத்தில் கூட்டினால், அந்த ஐந்து கோடுகளும் அதே போல ஒரு பக்கமாகச் சுழன்று வரும். தறி தர மறுத்த பருத்திப் பூவைப் பருத்தி நூலிலேயே ஊசி தந்துவிடுகிறது.

இது வெறும் ஒப்புமை அன்று. பல இலைகளும் இதழ்களும் விளிம்பில் நெளிவதற்குக் காரணம், நடுவைவிட விளிம்புத் திசு மிகுதியாக வளர்வதுதான். 1997இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த டைனா டைமினா என்ற லாட்விய நாட்டுக் கணித அறிஞர், கண்ணிகளை ஒரே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போய், யூக்ளிடின் விதிக்கு அடங்காத ஒரு வளைபரப்பைக் குரோஷாவால் பின்னிக் காட்டினார். அதுவரை காகிதத்தை ஒட்டிச் செய்த மாதிரிகள் எளிதில் கிழிந்துபோயின. அவருடைய பின்னல் மாதிரியோ கையில் எடுத்து மடித்துப் பார்க்கக் கூடியது. பார்வைக்குக் கோசுக்கீரையின் விளிம்பைப் போலவும் பவளத்தைப் போலவும் இருந்தது.

ஆக, இயற்கையிடமிருந்து பெறக் கூடியவை இரண்டு. ஒன்று தோற்றம். அதை எண்ணி, கட்டத்துக்கு இசைவதைத் தேர்ந்து எடுக்க வேண்டும். மல்லிமொக்கும் குயில்கண்ணும் அப்படி நிலைத்தவை. மற்றொன்று வளரும் முறை. அதை எடுத்துக்கொண்டால் தோற்றம் தானே பின்தொடர்ந்து வருகிறது. பூவை வரைந்துகொண்டு போய்ப் பின்னத் தொடங்குபவரைவிட, அதன் இதழ்களை எண்ணி, எது எதன் மேல் படிகிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குபவருக்கு வேலை எளிதாகும்.

எழுதி வைக்க வேண்டியது

2009-10இல் நடந்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கைத்தறித் தொழிலாளர் ஏறத்தாழ 43 லட்சம் பேர். 2019-20இல் அது 35 லட்சமாகக் குறைந்துவிட்டது. தறி நிற்கும்போது துணி மட்டும் நின்றுபோவதில்லை. எந்த உருவுக்கு எத்தனை நூல், அதன் பெயர் என்ன, அது எந்தச் செடியிலிருந்து அல்லது பறவையிலிருந்து வந்தது என்பதும் நின்றுபோகிறது. ஜக்கார்டு அட்டையில் எண்ணிக்கை துளையாக இருக்கிறது, பெயர் இல்லை. கணினியில் ஏற்றிய உருவிலும் அப்படியே. பெயர் இருப்பது நெசவாளரின் வாயில் மட்டுமே.

அருப்புக்கோட்டையிலும் சுற்றுப்புறங்களிலும் படிக்கும் மாணவர்கள் இதற்கு ஒரு கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் வாங்கினால் போதும். தறியோடு பழகிய முதியவர் ஒருவரிடம் உட்கார்ந்து, அவர் சொல்லும் உருவைக் கட்டங்களில் குறித்து, பக்கத்தில் அதன் பெயரையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஊசி பிடிக்கத் தெரிந்த அத்தையோ பாட்டியோ வீட்டில் இருந்தால், அதே கணக்கை ஏழுக்கு ஐந்து என்று மாற்றி ஒரு சிறு துண்டு பின்னித் தரச் சொல்லலாம்.

பருத்தி பூக்கும் பருவத்தில் ஒரு காட்டுப் பக்கம் போய் ஒரு பூவையும் பார்த்து வாருங்கள். இதழ்கள் எந்தப் பக்கமாகச் சுழல்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஊசியில் கண்ணி கூட்ட வேண்டிய பக்கம் அதுதான்.